மாணவர்கள் மட்டும் பார்க்கலாம்

ஜனவரி 9, வியாழன்

இன்றைக்கும் ஒரு படத்தை நிறுத்தினேன். வெளியே முழங்கால் அளவு பனி. பிள்ளைகளை விளையாட விட முடியவில்லை என்று, வரலாற்று ஆசிரியர் கேலப் லிபி தன் சொந்தக் கணக்கிலிருந்து இணையத்தில் ஒரு கார்ட்டூன் படம் ஓட்டத் தயாராக நின்றார். இது எந்தப் பாடத்துக்கு என்று கேட்டேன். பாடமெல்லாம் இல்லை, சும்மா பொழுது போகட்டும் என்றார். அப்படியென்றால் திரையை அணையுங்கள் என்றேன். ஏழாம் வகுப்பே என்னைப் பார்த்து ஊளையிட்டது.

நகலெடுக்கும் இயந்திரத்துக்கு மேலே நான் எழுதி ஒட்டிய தாள் பல வருஷமாக இருக்கிறது. ஒருவரும் படிப்பதில்லை. பள்ளியில் படம் காட்ட வேண்டுமா? அது பாடத்தின் பகுதியாக இருக்க வேண்டும். பாடம் நடக்கும் அறையில், ஆசிரியர் கூடவே இருந்து காட்ட வேண்டும். முறையாக வாங்கிய பிரதியாக இருக்க வேண்டும். அந்த வகுப்பு மாணவர்கள் மட்டும் பார்க்கலாம். இத்தனையும் சரியாக இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒன்று தவறினாலும் அது பொதுக்காட்சி. படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் சம்மதிக்க வேண்டும். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் காப்புரிமைப் போலீஸ். ஆசிரியர்கள் வைத்திருக்கும் பெயர் இன்னும் மோசம் என்று கேள்வி. வைத்துக்கொள்ளட்டும். நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவளே அடுத்தவர் உழைப்பைத் திருட விட்டால் பிறகு நான் எதற்கு?

ஜனவரி 18, சனி

சனிக்கிழமை குப்பைக் கிடங்கு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்கூட இத்தனை பேரைப் பார்க்க முடியாது. குப்பையைப் போட ஐந்து நிமிடம், ஊர் வம்புக்கு ஒரு மணி நேரம்.

இன்றைய வம்பு எனக்குச் சோறு இறங்காமல் செய்துவிட்டது. மூடிப்போன காகித ஆலையின் நிலத்தைக் கம்பெனி ஊருக்குச் சும்மா தருகிறதாம். கழிவுநீர்க் குளங்கள் மூன்றையும் தூர்த்த அந்த இடத்தில் பேஸ்பால் மைதானம் வருமாம். நம் தலைமையாசிரியர் வென்டல் கிம்பல் வரைபடமே போட்டுவிட்டாராம். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுப்பு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரிய மனுஷன் மாதிரி ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டினார்கள். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஊர்.

என் கணவர் ஆர்மண்ட் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. கண்ணாடியை இறக்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றுதான் சொன்னார்.

"மூணாவது குளத்து மேல பிள்ளைங்க ஓடப்போகுதுங்க, ஜினெட்."

ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், அப்போதாவது ஆறுகிறதா பார்க்கலாம்.

என் கணவர் அந்த ஆலையில் இரவு ஷிப்டில் வேலை பார்த்தவர். மூன்றாவது குளத்தின் அடியில், துருப்பிடித்த ரசாயனப் பீப்பாய்களை ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்ததில் அவர் கையும் உண்டு. இருபது வருஷத்துக்கு முன் ஒரு பெண் கேமராவோடு வந்து ஊர் ஊராக ஆலைத் தொழிலாளிகளைப் பேட்டி கேட்டாள். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இவர் மட்டும் நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். 'மூன்றாம் குளம்' என்று படம் வந்தது. போர்ட்லண்ட் நகரத்தில் இரண்டு நாள் ஓடியது. இங்கே எந்த மண்டபத்துக்காரனும் இடம் தரவில்லை, ஆலைக்குப் பயந்து.

ஷிப்ட் மேற்பார்வையாளர் லூசியன் கான்யோ, இவரோடு வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போன அதே லூசியன், "ஆர்மண்ட் குடிச்சுட்டு உளர்றான், அப்படி ஒரு பீப்பாயும் இல்ல" என்று ஊர் முழுக்கச் சொன்னார். ஆறு வருஷம் கழித்து ஆலை மூடியபோது, மூட வைத்ததே ஆர்மண்ட் என்றார்கள். படத்தை ஒருவரும் பார்க்காமலேயே அவரைப் பொய்யர் ஆக்கிவிட்டார்கள். அதன் பிறகு அவர் ஊர்க்கூட்டத்துக்குப் போனதில்லை.

படம் வந்தபோது பள்ளி நூலகத்துக்கு நான் அதன் டிவிடி தட்டு ஒன்று வாங்கினேன். ஊர்க்காரர்களும் எடுத்துப் போகலாம். இன்றுவரை யாரும் எடுத்ததில்லை. எடுத்தால் யார் எடுத்தார்கள் என்று தெரிந்துவிடுமே.

இந்த ஊர் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். மார்ச்சுக்கு முன்னால் பார்க்க வேண்டும். நான் காட்டப்போகிறேன்.

ஜனவரி 25, சனி

சுவரொட்டிகள் தயார். பிப்ரவரி முதல் சனிக்கிழமை, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் பீன்ஸ் விருந்து. இந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட வேறு வழியே கிடையாது. அடுப்பில் நாள் முழுக்க வெந்த பீன்ஸ் பயறும் கருப்பு ரொட்டியும் சிவப்பு சாசேஜும் என்றால் பேசாதவர்கள்கூடப் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். சாப்பாடு முடிந்ததும் படம். அஞ்சலகம், மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், குப்பைக் கிடங்கு எல்லா இடத்திலும் என் கையாலேயே ஒட்டினேன். 'மூன்றாம் குளம். அனைவரும் வருக.'

ஆர்மண்ட் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, எழுத்துப் பெரிதாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான். ஆனால் திட்டவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

அனைவரும் வருகவாம்! என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

கம்பெனியின் வக்கீலிடமிருந்து பள்ளிக்குக் கடிதம். அந்தப் படத்தின் உரிமை இப்போது கம்பெனியிடம் இருக்கிறது. படம் எடுத்தவள் விநியோகக்காரர்களுக்கு விற்றிருக்கிறாள், அவர்களிடமிருந்து இவர்கள் போன வருஷம் வாங்கிவிட்டார்கள். இணையத்திலிருந்தும் எடுத்தாயிற்று. பொதுக்காட்சிக்கு அனுமதி இல்லை, மீறினால் வழக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூசணிக்காயை விலைக்கு வாங்கி மறைக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

கிம்பல் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நகல் இயந்திரத்துக்கு மேலே இருந்த என் தாளைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். வாய்விட்டே படித்தார், ஒவ்வொரு வரியாக.

"நீங்க எழுதினதுதானே, மிஸஸ் ஜினெட் தெரியோ? உடற்பயிற்சிக் கூடம், விருந்து, ஊர் ஜனம். இதுல எது வகுப்பு?"

அவர் சொன்னது சரி. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவள் நான். கேலப் ஒரு கார்ட்டூன் ஓட்டப் போனதற்கு அவர் வகுப்புப் பிள்ளைகள் முன்னாலேயே அவரை நிறுத்தியவள். உரிமை யாரிடம் என்று ஒரு தடவை பார்க்கத் தோன்றவில்லையே! ஆர்மண்ட் முகம்தான் கண்ணில் இருந்தது, வேறெதுவும் தெரியவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 1, சனி

பீன்ஸ் மட்டும் சாப்பிட்டோம். திரை சுருட்டியே கிடந்தது. லூசியன் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, படம் இல்லாதது ஜீரணத்துக்கு நல்லது என்றார். கூட்டமே சிரித்தது. ஆர்மண்ட் வரவில்லை, நல்லவேளை.

பிப்ரவரி 4, செவ்வாய்

கேலப் நல்லவர். இன்று மத்தியானம் நூலகத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, அந்தத் தட்டைத் தந்தால் வீட்டுக்கு ஒரு நகல் போட்டுத் தருகிறேன், ஊர் முழுக்கக் கொடுத்துவிடலாம் என்றார். ஒரு நிமிடம் ஆசை வந்தது. ஒரு நிமிடம் என்ன, இரண்டு நிமிடம்.

மாட்டேன் என்றேன். திருட்டு நகல் போட்டால் பேச்சு குளத்தை விட்டுவிட்டு என் திருட்டில் வந்து நிற்கும். ஆர்மண்டைப் பொய்யர் என்றவர்கள் அவர் பெண்டாட்டியைத் திருடி என்பார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

சாயங்காலம் கிம்பல் வந்தார். அந்தத் தட்டை என்னிடம் கொடுத்துவிடுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார். நூலகத்திலிருந்து எதையாவது நீக்குவதென்றால் முதலில் எழுத்தில் புகார் வேண்டும், பிறகு குழு கூட வேண்டும், குழு அதை முழுக்கப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும், இது நீங்களே கையெழுத்துப் போட்ட விதி என்றேன். குழுவைக் கூட்டுங்கள், நானே போட்டுக் காட்டுகிறேன் என்றும் சொன்னேன். போய்விட்டார். விதி என்றால் எனக்கு உயிர். அது அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

பெர்னிஸ் மிஷோ வாயில் சர்க்கரை போட வேண்டும்.

பெர்னிஸ் குப்பைக் கிடங்கில் பழைய சாமான் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவள். எழுபத்தொரு வயது, நாக்கு மட்டும் பதினேழு. இன்று என்னைப் பிடித்துக்கொண்டு, எப்போதடி படம் காட்டப்போகிறாய் என்றாள். அலுப்போடு முழு விதியையும் சொன்னேன். வகுப்பறையில் பாடமாக நடத்தினால் கம்பெனியின் அனுமதியே தேவையில்லை, ஆனால் மாணவர்கள் மட்டும்தான் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது, பிறகு என்ன பிரயோஜனம் என்றேன்.

"அப்ப என்னைச் சேத்துக்கோயேன். நான் எட்டாங்கிளாஸோட நின்னவ. இன்னும் எனக்குப் படிப்பு பாக்கி இருக்குடி."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு வேடிக்கையாகப்படவில்லை. நம் பள்ளியில் செவ்வாய்க்கிழமை மாலை பெரியவர்கள் வகுப்பு நடக்கிறதே! யாரும் ஏற்க முன்வராததால் பத்து வருஷமாக நான்தான் அதற்குப் பொறுப்பு. கணினி, கம்பளிப் பின்னல், வேட்டைப் பாதுகாப்பு என்று நடத்துகிறோம். ஊர் வரலாறு நடத்தக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? பதிவு செய்துகொண்டு பாடம் படிக்க வருகிறவர் எத்தனை வயதானாலும் மாணவர்தான். ஆசிரியை நான். பாடம் நடக்கும் இடம் நூலகம். தட்டு காசு கொடுத்து வாங்கிய அசல்.

பெர்னிஸைக் கட்டிப்பிடித்தேன். அவள் மேல் பழைய சோபா வாசனை.

பிப்ரவரி 12, புதன்

ஊர் வரலாற்று வகுப்புக்கு முதல் நாளிலேயே நூலகம் கொள்ளாத அளவுக்குப் பதிந்துவிட்டார்கள். கம்பெனி தடுத்ததிலேயே ஊருக்கு ஆவல் வந்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் விதித்த அளவுக்கு மேல் ஒரு நாற்காலிகூடப் போடமாட்டேன். மூன்று பிரிவாகப் பிரித்துவிட்டேன்.

கிம்பல் வக்கீலுக்குப் போன் போட்டிருக்கிறார். திரும்பி வந்து, இது ஏமாற்று வேலை, வகுப்பு என்ற பேரில் சினிமா என்றார். அந்த ஒரு வார்த்தையில் விஷயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. பெயருக்கு வகுப்பு என்றால் அது பொய்தான். அதனால் உண்மையாகவே நடத்தப்போகிறேன். முதலில் வரைபடம், ஆற்றின் கதை, ஆலையின் கதை. பிறகு படம். பிறகு கேள்விகள். அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடம். பாப்கார்ன் கிடையாது. பாப்கார்ன் வந்தால் பொழுதுபோக்கு ஆகிவிடும்.

மாலை வகுப்புக்குப் பொறுப்பு நான் என்பதால் நிறுத்த முடியாமல், என் பணிக் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம் வைக்கப்போவதாகச் சொன்னார். எனக்கும் ஒரு பிரதி வேண்டும், சட்டம் போட்டு மாட்டுவேன் என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆர்மண்டோடு சண்டை. அவரும் பதிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொன்னதுதான் தாமதம்.

"எதுக்கு? நான் பேசுனதை நானே பார்க்கணுமா? அவங்க மூஞ்சிய நான் பார்க்கணுமா?"

அவங்க உங்க மூஞ்சிய பார்க்கணும், அதுக்குத்தான் என்றேன். இருபது வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்காங்க என்று எழுந்து விறகு வெட்டப் போய்விட்டார். தேவைக்கு மேல் வெட்டினார்.

கோபம் அவர் மேல் இல்லை. எழுந்து போன அந்த முதுகைப் பார்த்தபோது— இந்த மனுஷன் என்ன தப்பு செய்தார்? நடந்ததைச் சொன்னார். வேறென்ன செய்தார்?

பிப்ரவரி 25, செவ்வாய்

முதல் வகுப்பு.

ஆலையில் இருபது முப்பது வருஷம் உழைத்த ஆம்பிளைகள், குழந்தைகள் உட்காருகிற நாற்காலியில் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வருகை எடுத்தேன். பெர்னிஸ் தன் பையில் கிரீம் வைத்த சாக்லேட் கேக் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். பிடுங்கி என் மேசையில் வைத்தேன். ஆசிரியை கொடுமைக்காரி என்று பின் வரிசையிலிருந்து குரல் வந்தது.

ஆற்றின் கதையை முடித்துவிட்டுப் படத்தைத் தொடங்கப் போனபோது, வாசலில் ஒரு ஆள். நல்ல கோட்டு, பளபளவென்ற பூட்ஸ், அந்தப் பூட்ஸ் சேற்றையே பார்த்ததில்லை. கம்பெனி அனுப்பிய ஆள். உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டுமாம். பதிந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை, உரிமையாளர் சார்பாக வந்திருக்கிறேன் என்றார்.

"அப்ப நீங்க மாணவர் இல்ல. மாணவர் அல்லாத ஒருத்தர் உள்ள உக்காந்தா இது பொதுக்காட்சி ஆயிடும். உங்க உரிமைய நானே மீற முடியுமா? வெளிய போங்க."

கதவைச் சாத்தினேன். பெர்னிஸ் கை தட்டினாள். வகுப்பில் கை தட்டக் கூடாது என்று அவளையும் அதட்டினேன்.

படம் ஓடியது. ஆர்மண்ட், கருகருவென்ற தலைமுடியோடு, நம் சமையலறை மேசையில். முடிந்ததும் கேள்விகள் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு தாளில் எழுதிக் கொடுத்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவ்வளவுதானா?

பிப்ரவரி 27, வியாழன்

விடைத்தாள்களைத் திருத்தினேன். "படத்தில் சொல்லப்பட்டது உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பீர்கள்?" என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் ஒரே பதில்தான். ஒருவர் பேச்சை மட்டும் வைத்து எப்படி நம்புவது?

நியாயமான பதில். மதிப்பெண் கொடுத்தேன். கொடுக்க வயிறு எரிந்தது.

மார்ச் 4, செவ்வாய்

இதை எழுதாமல் தூக்கம் வராது.

இன்று இரண்டாவது பிரிவு. காலையில் என் வண்டி கிளம்பவில்லை, பேட்டரி குளிரில் செத்துப்போயிற்று. சாயங்காலம் ஆர்மண்ட்தான் தன் டிரக்கில் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரமாட்டேன், முடியும்வரை வண்டியிலேயே இருக்கிறேன் என்றார். பதியாமல் உங்களை விடவும் மாட்டேன் என்றேன்.

வருகை எடுக்கும்போது பட்டியலின் கடைசியில் லூசியன் கான்யோ. கேலி பேசத்தான் பதிந்திருக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுப்பாடம் எழுதவில்லையென்றால் பெஞ்சு மேல் ஏற்றுவாயா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். வரைபடப் பாடத்தில்கூட இரண்டு ஜோக் அடித்தார். படம் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். நான் படத்தைப் பார்க்கவில்லை, லூசியனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

முடிந்ததும் அதே கேள்வியைக் கேட்டேன். இந்தத் தடவை எழுத வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்றேன். படம் மட்டும் போட்டிருந்தால் எல்லாரும் எழுந்து போயிருப்பார்கள். பாடம் என்பதால் நான் கேட்டே ஆக வேண்டும், அவர்கள் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆர்மண்ட் ஒருத்தர் பேச்சுத்தானே இருக்கிறது, கூட இருந்தவர் வேறு யாராவது சொன்னால் அல்லவா என்று முன் வரிசையில் ஒருவர் சொன்னார்.

லூசியன் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, முழங்கையை மேசையில் ஊன்றி. சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன்.

"நான்தான் லோடர் ஓட்டுனேன். ஆர்மண்ட் பீப்பாயை உருட்டி விடுவான், நான் மண்ணைத் தள்ளுவேன். அவன் சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல."

பிறகு அவரே, எனக்கு அப்போது பென்ஷனுக்கு நாலு வருஷம் பாக்கி, மூன்று பிள்ளைகள் என்றார். அதைச் சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன், வகுப்பாவது ஒன்றாவது. லூசியன் டிரக்கின் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். கண்ணாடி இறங்கவில்லை. பனி அவர் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து ஆர்மண்ட் எட்டி மறுபக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். லூசியன் சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்தார். நான் நாற்காலிகளை அடுக்கினேன், அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.

வீட்டுக்கு வரும்போது, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மன்னிப்பு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கதவ நல்லா சாத்துடா, குளிரு உள்ள வருதுன்னேன்."

இப்போது ஆர்மண்ட் தூங்குகிறார். நான் அழுதுகொண்டே எழுதுகிறேன். கோபத்தில் அழுகிறேனா சந்தோஷத்தில் அழுகிறேனா தெரியவில்லை. பென்ஷனுக்கு நாலு வருஷமாம்! இவருக்கு இருபது வருஷம் போனதே, அதை யார் தருவார்கள்?

மார்ச் 11, செவ்வாய்

மூன்றாவது பிரிவும் முடிந்தது. இதற்குள் ஊருக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள், முழுப்படமும் பார்த்தார்கள். கேலப் ஆசிரியராக அல்ல, மாணவராகப் பதிந்து உட்கார்ந்திருந்தார். பழி வாங்க வேண்டுமென்றே படத்தின் நடுவில் பேசினார். அவரை நான் வெளியே அனுப்பவில்லை.

கிம்பலின் கண்டனக் கடிதம் வந்துவிட்டது. நல்ல தாளில் அச்சடித்திருக்கிறார்கள்.

மார்ச் 15, சனி

ஊர்க்கூட்டம். ஆர்மண்ட் வந்தார். நான் கூப்பிடவில்லை, காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

நிலத்தைப் பற்றிய தீர்மானம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. கிம்பல் எழுந்து மைதானத்தைப் பற்றி நன்றாகவே பேசினார். நம் பிள்ளைகள் இருபது மைல் போய் அடுத்த ஊரில் விளையாடுவதைச் சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது. பிறகு லூசியன் எழுந்தார். முதலில் மாநில அரசு மூன்றாவது குளத்தைத் தோண்டிப் பார்க்கட்டும், செலவைக் கம்பெனி ஏற்கட்டும், அதுவரை ஊர் நிலத்தை வாங்கக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். பெர்னிஸ் வழிமொழிந்தாள், தேவையைவிடச் சத்தமாக.

கம்பெனியின் பளபள பூட்ஸ் மனிதர் பேச எழுந்தார். இந்த ஊரில் ஓட்டு இல்லாதவர் பேச வேண்டுமென்றால் கூட்டம் சம்மதிக்க வேண்டும். சம்மதமா என்று தலைவர் கேட்டார். கூட்டம் சம்மதிக்கவில்லை. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

திருத்தத்தை ஆதரிக்கிறவர்களை ஓட்டு அட்டையைத் தூக்கச் சொன்னபோது, எனக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை, அவ்வளவு அட்டைகள். எண்ணவே வேண்டியிருக்கவில்லை. கிம்பல் தன் அட்டையைத் தூக்கவில்லை. அது அவர் உரிமை.

மார்ச் 20, வியாழன்

இன்று ஒரு படத்தை நிறுத்தினேன். கூடைப்பந்துப் பயிற்சியாளர், பரிசு நாளாம், கூடத்தில். விதி விதிதான்.

ஏப்ரல் 17, வியாழன்

ஊரெல்லாம் சேறு. மாநில அலுவலகத்திலிருந்து போன். நிலம் காய்ந்ததும் வருகிறார்களாம். சேறு இந்த வருஷம் வேண்டுமென்றே இழுக்கிறது. ஆர்மண்ட் தினமும் வாசலில் இறங்கி பூட்ஸால் மண்ணை மிதித்துப் பார்க்கிறார்.

மே 21, புதன்

லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஊரில் பாதி வேலிக்கு வெளியே நின்றது. மாநில அரசுப் பொறியாளர், சின்னப் பெண், ரப்பர் உடுப்பும் முகமூடியும். தோண்டும் இயந்திரம் அவளோடு வந்திருந்தது. மூன்றாவது குளம் பெரியது, தூர்த்து புல் முளைத்து எது கரை எது நடு என்றே தெரியவில்லை. கம்பெனிக்காரர் கொடுத்த வரைபடத்தில் அங்கே வெறும் வெள்ளை.

அவள் வேலிப் பக்கம் வந்து, எங்கே தோண்டுவது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள்.

எல்லாரும் திரும்பினார்கள். லூசியன் திரும்பினார், பெர்னிஸ் திரும்பினாள், ஆலையை மூட வைத்தவன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் திரும்பினார்கள். அத்தனை பேரும் ஆர்மண்டைக் கை காட்டினார்கள்.

அந்தப் பெண் அவருக்கு ஒரு முகமூடி கொடுத்து வேலிக்கதவைத் திறந்துவிட்டாள். என்னைப் பார்த்தார். போங்க என்றேன். உள்ளே நடந்து போனார், அவசரப்படாமல், ஆலைப் புகைபோக்கியையும் ஆற்று வளைவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, நாலடி இடது பக்கம் நகர்ந்து நின்றார்.

"இங்க," என்றார்.

மத்தியானத்துக்குள் முதல் பீப்பாய் வெளியே வந்தது.